நாக்கு மீனுக்கு ஏன் வாய் கோணல்?

மீன் மார்க்கெட்டில் திருக்கையும் நாக்கு மீனும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். இரண்டுமே கடலடியில் மணலோடு மணலாகப் படுத்துக் கிடக்கிற மீன்கள். இரண்டுமே தட்டை. ஆனால் தட்டையான விதம் ஒன்றல்ல.

திருக்கை வயிற்றை மண்ணில் வைத்துப் படுக்கிறது. முதுகு மேலே, வயிறு கீழே. கண் இரண்டும் மேல்பக்கத்தில் இடமும் வலமுமாக, வாய் அடியில் நட்டநடுவில். தலையிலிருந்து வால் வரை கோடு கிழித்தால் இரண்டு பாதியும் ஒன்று போல இருக்கும். நாக்கு மீனை எடுத்துப் பாருங்கள். மேல்பக்கம் பழுப்பு, அடிப்பக்கம் வெளுப்பு. முதுகும் வயிறும் என்றுதான் தோன்றும். உண்மையில் அவை இடப்பக்கமும் வலப்பக்கமும். மீன் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. ஒரு ஓரத்தில் நெடுக ஓடுவது முதுகுத் துடுப்பு, எதிர் ஓரத்தில் ஓடுவது அடிவயிற்றுப் பக்கத்துத் துடுப்பு. கண்கள் இரண்டும் ஒரே பக்கத்தில், சின்னதாக, ஏறுக்குமாறாக உட்கார்ந்திருக்கும். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கோணிப் போயிருக்கும்.

இந்த மீன் பிறக்கும்போது இப்படி இல்லை. முட்டையிலிருந்து வரும் குஞ்சு மற்ற மீன்குஞ்சுகளைப் போலவே பக்கத்துக்கு ஒரு கண்ணோடு நிமிர்ந்துதான் நீந்துகிறது. வளர வளர ஒரு கண் இடம்பெயர ஆரம்பிக்கிறது. மண்டை எலும்பு முறுக்கிக்கொள்கிறது, கண் மெல்ல நகர்ந்து மறுபக்கத்துக்குப் போய்ச் சேர்கிறது. அப்புறம்தான் மீன் தரையிறங்கிப் படுக்கிறது. தரையில் படுக்கும் மீன் ஒன்றைப் புதிதாக வரையச் சொன்னால் யாரும் திருக்கையைத்தான் வரைவார்கள். நிமிர்ந்து நீந்தும் மீனைச் செய்து, அதன் மண்டையைத் திருகி, ஒரு கண்ணை இந்தப் பக்கம் கொண்டுவந்து, வாயைக் கோணலாக விட்டுவைக்கும் யோசனை யாருக்கும் வராது.

ஆனால் வம்சாவளியைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். திருக்கை சுறாவுக்குச் சொந்தம். சுறாவின் உடம்பு அகலவாட்டில் தட்டையாவதற்கு வசதியானது. நாக்கு மீன் வந்த வழி வேறு. வாவல் மீனை நினைத்துக்கொள்ளுங்கள்: உயரமான, ஒல்லியான, இரண்டு பக்கமும் அமுங்கிய உடம்பு. அப்படிப்பட்ட மீன் கடலடியில் படுக்க வேண்டுமானால் பக்கவாட்டில் சாய்ந்துதான் படுக்க முடியும். சாய்ந்தால் ஒரு கண் மண்ணுக்குள் போய்விடும். கீழே கிடக்கும் கண் கொஞ்சம் மேலே வந்தாலும் அந்த அளவுக்கு லாபம். தலைமுறை தலைமுறையாக அது மேலே வந்திருக்கிறது. எந்த இடத்திலும் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க வழி இருக்கவில்லை.

டார்வின் காலத்திலேயே இதைக் குறித்துச் சண்டை நடந்தது. செயின்ட் ஜார்ஜ் மைவார்ட் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் 1871இல் ஒரு கேள்வி கேட்டார்: கண் பாதி வழி வந்து நின்றால் அதனால் மீனுக்கு என்ன பயன்? நியாயமான கேள்விதான். டார்வின் பதில் எழுதினார், ஆனால் கையில் புதைபடிவம் எதுவும் இல்லை. அது கிடைக்க 2008 வரை ஆனது. இத்தாலியின் போல்கா பகுதிப் பாறைகளிலிருந்து எடுக்கப்பட்டு அருங்காட்சியகங்களில் கிடந்த, சுமார் 5 கோடி ஆண்டுப் பழைய மீன்களை மேட் ஃப்ரீட்மன் என்ற ஆய்வாளர் மறுபடி எடுத்துப் பார்த்தார். ஹெட்டெரோனெக்டெஸ், ஆம்ஃபிஸ்டியம் என்ற அந்த இரண்டு வகைகளிலும் ஒரு கண் பாதி தூரம் மட்டுமே மேலே வந்திருந்தது. உச்சியைத் தாண்டவில்லை. மைவார்ட் இருக்க முடியாது என்று சொன்ன மீன்கள் அவை.

இவ்வளவு தூரம் போகாமலும் ஒன்றைப் பார்க்கலாம். நம் கடலில் பிடிபடும் எருமை நாக்கு மீனில் இடம்பெயர்ந்த கண் முழுவதும் இந்தப் பக்கம் வந்து இறங்காமல் தலையின் விளிம்பிலேயே நிற்கிறது. தட்டை மீன் குடும்பத்தில் மிகப் பழைய சாயல் கொண்ட கிளை இதுதான். (தரங்கம்பாடியிலிருந்து போன மீனை வைத்து 1801இல் இதற்குப் பெயர் வைத்தபோது அந்த ‘எருமை’யையும் லத்தீனில் சேர்த்துவிட்டார்கள்; இன்றைய முழுப் பெயர் செட்டோடெஸ் எருமெய்.)

பரிணாமத்துக்கு ஆதாரம் கேட்டால் பலரும் அதிசயங்களைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். இலையைப் போலவே இருக்கும் பூச்சி, கழுகின் பார்வை, வௌவாலின் ஒலி வழிகாட்டி. எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. அதிசயங்கள் இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்லும். வில்லியம் பேலி என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1802இல் கண்ணையும் காதையும் மூட்டுகளையும் காட்டித்தான், இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதைப் படைத்தவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று வாதாடினார். டார்வினே கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோது அதைப் படித்து ரசித்தவர். கச்சிதமாகப் பொருந்திய உறுப்பு தான் வந்த வழியைக் காட்டிக்கொடுப்பதில்லை. இயற்கைத் தேர்வும் அதைச் செய்திருக்கலாம், ஒரு பெரிய அறிவும் செய்திருக்கலாம் என்று இருவரும் அவரவர் பக்கம் இழுத்துக்கொள்ளலாம்.

கோணல் உள்ள இடத்தில்தான் வழக்கு தீர்கிறது. ஆனால் கோணல் இருக்கிறது என்பது மட்டும் போதாது. மோசமான வேலைப்பாடு மோசமான படைப்பாளியைக்கூடக் காட்டலாம், யார் கண்டது. அந்தக் கோணலுக்கு ஊர் பேர் தெரிய வேண்டும். எந்த மூதாதையிடமிருந்து வந்தது, அந்தக் குடும்பத்தில் வேறு யார் யாருக்கு இருக்கிறது, வெளியே யாருக்கு இல்லை என்று கேட்டால் பதில் வர வேண்டும். இந்த வாதத்தைப் பேசுகிறவர்கள் அதிகமாகக் கோட்டை விடுவது இங்கேதான். ‘பார், உடம்பு எவ்வளவு மட்டமாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள். மட்டம் என்பது பாதி விஷயம். அதன் முகவரிதான் ஆதாரம்.

முகவரி மிகத் தெளிவாக உள்ள உறுப்பு நம் கழுத்திலேயே இருக்கிறது. குரல்வளையை இயக்கும் நரம்புகளில் முக்கியமானது மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை. மூளைக்கும் குரல்வளைக்கும் நடுவே அதிக தூரம் இல்லை. இதே வேகஸின் இன்னொரு கிளை குறுக்கு வழியில் நேராகவே குரல்வளைக்குப் போகிறது. ஆனால் இந்த முக்கியமான கிளை, இடப்பக்கத்தில், குரல்வளையைத் தாண்டி வேகஸோடு கழுத்துக்குள் இறங்கி, மார்புக்குள் போய், இதயத்திலிருந்து வரும் பெருந்தமனியின் வளைவுக்கு அடியில் சுற்றிக்கொண்டு, மறுபடி கழுத்து வழியாக மேலே ஏறி, தான் கடந்து வந்த குரல்வளைக்கே வந்து சேர்கிறது. வலப்பக்கத்து நரம்பும் திரும்பித்தான் வருகிறது, ஆனால் அவ்வளவு கீழே போவதில்லை. கைக்குப் போகும் தமனிக்கு அடியில் திரும்பிவிடுகிறது. மருத்துவப் புத்தகங்களில் இதற்குப் பெயரே திரும்பும் குரல்வளை நரம்பு என்பதுதான்.

மனிதனில் இது சில அங்குலச் சுற்று. ஒட்டகச்சிவிங்கியில்? அங்கேயும் இதே வழிதான். தலைக்குப் பக்கத்தில் இருக்கும் குரல்வளைக்குப் போக, நரம்பு கழுத்து முழுக்க இறங்கி, மார்பில் பெருந்தமனியைச் சுற்றி, கழுத்து முழுக்க ஏறுகிறது. வளர்ந்த ஒட்டகச்சிவிங்கியில் மொத்தம் நாலரை மீட்டர் அளவுக்கு நீளும். லண்டன் விலங்குக் காட்சிசாலையில் இறந்த ஒட்டகச்சிவிங்கிகளை 1830களில் அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன் இந்த நரம்பையும் பார்த்தவர். பரிணாமக் கொள்கையோடு பிற்காலத்தில் கடுமையாக மோதியவரும் அவரேதான் என்பது வேடிக்கை.

ஏன் இந்தச் சுற்று? மீனைப் பார்த்தால் தெரியும். மீனுக்குக் கழுத்து கிடையாது. இதயம் செவுள்களுக்குச் சற்றுப் பின்னாலேயே இருக்கிறது. இதயத்திலிருந்து ஒவ்வொரு செவுள் வளைவுக்கும் ஒரு தமனி போகிறது. வேகஸின் கிளைகள் ஒவ்வொரு வளைவுக்கும், அந்தத் தமனிக்குப் பின்பக்கமாகப் போகின்றன. அங்கே அதுதான் நேர்வழி. சுற்றும் இல்லை, வளைவும் இல்லை.

மனிதக் கருவிலும் ஆரம்ப வாரங்களில் தொண்டைப் பகுதியில் இதே வரிசையில் வளைவுகள் உண்டாகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு தமனி. கருவில் அவை செவுளாக மாறுவதில்லை. தாடை, காதெலும்பு, குரல்வளை என்று பிரிந்து போகின்றன. கடைசி வளைவின் நரம்பு குரல்வளைக்குரியது. அது அந்த வளைவின் தமனிக்குப் பின்னாலிருந்து வருகிறது. பிறகு கழுத்து நீள, இதயம் மார்புக்குள் இறங்க, தமனியும் கூடவே இறங்குகிறது. தமனிக்கு அடியில் மாட்டிக்கொண்ட நரம்பும் இழுபட்டுக் கீழே போகிறது. இடப்பக்கத்தில் அந்தத் தமனி, கருவில் நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் சின்னக் குழாயாக நிற்கிறது. குழந்தை பிறந்த பின் மூடி நாராகிவிடுகிறது. அதனால் இடது நரம்பு பெருந்தமனி வரை இறங்க வேண்டியிருக்கிறது. வலப்பக்கத்தில் அந்தத் தமனியின் கடைப்பகுதி மறைந்துவிடுவதால் நரம்பு ஒரு படி மேலே, அடுத்த தமனியில் போய் மாட்டுகிறது. இரண்டு பக்கமும் ஏன் ஒரே மாதிரி இல்லை என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வேறு எந்த விளக்கமும் இந்த இட வல வித்தியாசத்தைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் முதலைகளுக்கும் இந்தத் திரும்பும் நரம்பு இருக்கிறது. அப்படியென்றால் டைனோசருக்கும் இருந்தாக வேண்டும். அதன் நரம்பை யாரும் பார்த்ததில்லை, எலும்புதான் மிச்சம். ஆனால் மேத்யூ வெடல் என்ற தொல்லுயிரியலாளர் 2012இல் கணக்குப் போட்டார்: சூப்பர்சாரஸ் போன்ற நீண்ட கழுத்து விலங்கில் இந்த நரம்பு 28 மீட்டர் வரை நீண்டிருக்கும்.

இந்த நரம்பு உதவாக்கரை என்று நான் சொல்லவில்லை. வழியில் இதயம், மூச்சுக்குழாய், உணவுக்குழாய் ஆகியவற்றுக்கும் சின்னச் சின்னக் கிளைகளைக் கொடுக்கிறது. நம் எல்லோரையும் பேச வைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் சுற்று வழிக்கு விலை உண்டு. தைராய்டு சுரப்பியை ஒட்டியே இது ஏறுவதால், தைராய்டு ஆபரேஷனில் அறுவை மருத்துவர்கள் முதலில் தேடிக் கண்டுபிடித்துப் பத்திரப்படுத்துவது இந்த நரம்பைத்தான். ஒரு பக்கம் அடிபட்டால் குரல் கம்மிவிடும். இரண்டு பக்கமும் அடிபட்டால் மூச்சு விடுவதே பாடு. வியன்னாவின் நோர்பர்ட் ஆர்ட்னர் 1897இல் இன்னொரு விசித்திரத்தை விவரித்தார்: இதய வால்வு சுருங்கிய நோயாளிகளுக்குக் குரல் கம்முகிறது. வீங்கிய இதய அறை இந்த நரம்பை நெருக்குவதுதான் காரணம் என்று அவர் நினைத்தார்; இதயத்தை ஒட்டிய நுரையீரல் தமனி வீங்கி நெருக்குவதாகப் பின்னால் வந்தவர்கள் சொல்கிறார்கள். மூட்டுக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் நிறைய உள்ள நம் நாட்டில் இதய மருத்துவர்களுக்கு இது தெரிந்த விஷயம். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லாமல், இதயத்தால் குரல் போகிறது.

சரி, உறுப்பை விட்டு ஜீனுக்கு வருவோம். அங்கே முகவரி இன்னும் துல்லியமாக இருக்கிறது.

ஆடு, மாடு, நாய், பூனை, எலி எதற்கும் வைட்டமின் சி சாப்பாட்டிலிருந்து வர வேண்டிய கட்டாயம் இல்லை. ஈரலிலேயே குளுக்கோஸிலிருந்து தயாரித்துக்கொள்கின்றன. நமக்குத்தான் நெல்லிக்காயும் எலுமிச்சையும் தேவை. கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கடலோடிகள் அறிந்திருந்தார்கள். 1498இல் கோழிக்கோட்டிலிருந்து திரும்பிய வாஸ்கோடகாமாவின் ஆட்கள் அரபிக்கடலைக் கடக்க முடியாமல் மாதக்கணக்கில் தவித்தபோது ஈறு வீங்கி, பல் ஆடி, கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். ஸ்கர்வி. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஜோடிக்கொரு மருந்து கொடுத்துப் பார்த்ததில் ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் சட்டென்று தேறினார்கள்.

நம்மால் ஏன் தயாரிக்க முடியவில்லை? தயாரிப்பின் கடைசிப் படிக்கு வேண்டிய என்ஸைம் இல்லை. குலோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த என்ஸைமுக்கான ஜீன் நம்மிடம் இல்லாமல் இல்லை. எட்டாவது குரோமோசோமில் கிடக்கிறது. உடைந்து கிடக்கிறது. பல பகுதிகளைக் காணோம், மிச்சமிருப்பதில் எழுத்துப் பிழைகள். ஜப்பானின் நிஷிகிமி குழுவினர் 1994இல் இதை விவரித்தார்கள். புதிதாக ஒரு மனிதனைச் செய்ய உட்கார்ந்தவர், வேலை செய்யாத வைட்டமின் ஜீனின் சிதைந்த துண்டுகளை எதற்காக உள்ளே வைப்பார்?

இதைவிட முக்கியமானது, யார் யாரிடம் எப்படி உடைந்திருக்கிறது என்பது. பரீட்சையில் இரண்டு பேர் சரியான விடை எழுதியிருந்தால் எதுவும் நிரூபணமாகாது, இருவருமே படித்திருக்கலாம். ஏழாவது கேள்விக்கு இருவரும் ஒரே அபத்தத்தை, ஒரே எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தால் வாத்தியார் இரண்டு பேரையும் எழுப்பிவிடுவார். மனிதன், சிம்பன்சி, ஒராங்குட்டான், மக்காக் வகைக் குரங்கு ஆகிய நான்கின் குலோ ஜீனிலும் ஒரே இடத்தில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருக்கிறது. கோயில்களில் நம் கையிலிருந்து தேங்காயைப் பிடுங்கும் நாட்டுக்குரங்கும் மக்காக் வகைதான். ஆனால் லெமூர், தேவாங்கு வகையினர் நம் கிளை பிரிவதற்கு முன்பே பிரிந்து போனவர்கள். அவர்கள் இன்றும் வைட்டமின் சியைத் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள். ஜீன் எப்போது உடைந்தது என்று வம்சாவளியில் விரல் வைத்துக் காட்டலாம்.

கினி எலிக்கும் இதே குறை உண்டு. அதனால்தான் 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் இருவரும் ஸ்கர்வியை அதன் மீது ஆராய முடிந்தது. ஆனால் கினி எலியின் குலோ வேறு இடங்களில், வேறு விதமாக உடைந்திருக்கிறது. தனியாக நடந்த விபத்து. நம் தோட்டத்துச் சின்னான் குருவியும் இதைத் தயாரிக்காது என்று 1958இல் கல்கத்தாவில் ராய், குஹா இருவரும் கண்டார்கள். பழம் தின்னும் பறவை, நஷ்டமில்லை. நம் மூதாதைக் குரங்குகளும் மரத்தில் பழமும் தளிரும் தின்றவைதான். சாப்பாட்டில் தாராளமாகக் கிடைக்கும்போது ஜீன் உடைந்தாலும் யாருக்கும் வலிக்காது, அதைக் களையெடுக்க இயற்கைத் தேர்வுக்கு வேலையும் இருக்காது. பிறகு அந்தக் குரங்கின் வாரிசுகள் கப்பல் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கடலில் போவார்கள் என்று யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை.

கடலைப் பற்றிப் பேசும்போது ஆவுளியாவைச் சொல்லாமல் விடக்கூடாது. பாக் நீரிணையில் கடற்புல் மேயும் கடற்பசு. அதற்காக 2022இல் தமிழக அரசு 448 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பாதுகாப்பகமாக அறிவித்தது. வாழ்நாள் முழுக்கக் கடலில் இருக்கும் இந்த விலங்குக்குச் செவுள் இல்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கை மேலே நீட்டி மூச்சு வாங்க வேண்டும். வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சுமுட்டிச் சாகிறது. கடலிலேயே வாழும் விலங்கு தண்ணீருக்குள் மூச்சுத்திணறிச் சாவதைவிடப் பெரிய குறை என்ன இருக்கிறது? திமிங்கிலத்துக்கும் ஓங்கிலுக்கும் (டால்பின்) இதே கதிதான். துடுப்புக்குள் கை எலும்புகளும் விரல் எலும்புகளும் இருக்கின்றன. மீன் வாலை இடவலமாக ஆட்டும்போது இவை மேலும் கீழுமாக ஆட்டுகின்றன, நாலுகால் பாய்ச்சலில் ஓடும் விலங்கின் முதுகெலும்பு வளைகிற அதே திசையில். இடுப்பெலும்பின் மிச்சம் தசைக்குள் கிடக்கிறது. ஓங்கிலின் கருவில் பின்னங்கால் மொட்டு தோன்றி, சில வாரங்களில் மறைந்துவிடுகிறது. எப்போதாவது அது மறைய மறந்துவிடுவதும் உண்டு. 1919இல் கனடாவின் வான்கூவர் தீவுப் பக்கம் பிடிபட்ட கூனல் முதுகுத் திமிங்கிலம் ஒன்றில் ஒரு மீட்டருக்கு மேல் நீண்ட பின்னங்கால்கள் துருத்திக்கொண்டிருந்தன. 2006இல் ஜப்பானின் தைஜியில் கூடுதலாக ஒரு ஜோடித் துடுப்போடு ஓங்கில் ஒன்று கிடைத்தது. இதற்கு முதுமரபு மீட்சி என்று பெயர்.

நடந்த காலத்துத் திமிங்கிலங்களின் எலும்புகள் பாகிஸ்தானிலும் கட்ச்சிலும் கிடைத்திருக்கின்றன. ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பாறைகளிலிருந்து, இந்திய நிலவியலாளர் ரங்கா ராவ் சேகரித்து வைத்துவிட்டுப் போன கற்களுக்குள் இருந்து, திமிங்கிலத்தின் நெருங்கிய நிலச் சொந்தமான இண்டோஹையஸ் 2007இல் வெளிச்சத்துக்கு வந்தது. பூனை அளவு உடம்பு, மான் மாதிரிக் கால்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எச்ச உறுப்பு என்றதும் குடல்வால், வால் எலும்பு, காதை ஆட்டும் தசை என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். ‘பயனற்ற உறுப்புகள்’ என்று பொருளும் எழுதி மார்க் வாங்கியிருப்போம். அந்தப் பொருள் கோளாறானது. ஜெர்மனியின் ராபர்ட் வீடர்ஷைம் 1893இல் மனித உடம்பில் 86 எச்ச உறுப்புகள் என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் பலவற்றுக்கு வேலை இருப்பது பின்னால் தெரியவந்தது. பினியல் சுரப்பியும் அப்படித்தான், தூக்கத்தை ஒழுங்குபடுத்தும் மெலடோனின் அதிலிருந்துதான் வருகிறது. குடல்வாலில் நோய் எதிர்ப்புத் திசு நிறைய இருக்கிறது. திமிங்கிலத்தின் இடுப்பெலும்புகூடச் சும்மா இல்லை, இனப்பெருக்க உறுப்பின் தசைகளை அது பிடித்து நிறுத்துகிறது என்று 2014இல் ஒரு ஆய்வு காட்டியது. இதைக் காட்டி ‘பார்த்தீர்களா, எச்ச உறுப்பு என்பதே பொய்’ என்பவர்கள் உண்டு. பயன் இருக்கட்டும். அந்தத் தசையைப் பிடிக்க நிலவிலங்கின் இடுப்பெலும்பு ஏன் வேண்டும்? பழைய எலும்பு பழைய வேலையை இழந்து, மிச்சமிருந்த வேலையோடு நிற்கிறது. நெருப்புக்கோழியின் சிறகு பறக்க உதவாது, ஆனால் ஓடும்போது சமநிலைக்கும் ஜோடி சேரும்போது ஆட்டத்துக்கும் உதவும். அது சிறகு என்பது அதனால் மாறிவிடவில்லை.

விழித்திரையையும் இதே எச்சரிக்கையோடுதான் சொல்ல வேண்டும். நம் கண்ணில் ஒளியை உணரும் செல்கள் பின்னால் இருக்கின்றன, அவற்றின் நரம்பு இழைகள் முன்னால், ஒளி வரும் வழியில். அந்த இழைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து விழித்திரையைத் துளைத்துக்கொண்டு மூளைக்குப் போகிற இடத்தில் பார்வையே இல்லை. சந்தேகமிருந்தால் ஒரு தாளில் 8 செ.மீ. இடைவெளியில் இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறியும் வலப்பக்கம் ஒரு புள்ளியும் போடுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் பார்த்தபடி தாளை மெல்ல அருகே கொண்டுவாருங்கள். ஏறத்தாழ 30 செ.மீ. தூரத்தில் புள்ளி காணாமல் போகும். அந்த ஓட்டையை மூளை பக்கத்து வெள்ளையைக் கொண்டு பூசி மெழுகிவிடுகிறது.

கணவாய்க்கு இந்த ஓட்டை கிடையாது. அதன் விழித்திரையில் ஒளியுணரும் செல்கள் முன்னால், இழைகள் பின்னால். இதை வைத்து ‘நம் கண் தலைகீழாகக் கட்டிய மட்டமான கண்’ என்று மேடையில் சொல்வது சுலபம். அவ்வளவு மட்டமில்லை. விழித்திரையின் முல்லர் செல்கள் இழைகளைத் தாண்டி ஒளியைப் பின்னால் கொண்டுசேர்க்கும் குழாய்கள் போல வேலை செய்கின்றன என்று 2007இல் தெரியவந்தது. கூர்ந்து பார்க்கும் மையக்குழியில் மேலடுக்குகள் ஒதுங்கி வழிவிடுகின்றன. ஆனால் முகவரிக் கேள்வி அப்படியே நிற்கிறது. முதுகெலும்புள்ள விலங்கு எதுவானாலும், மீன் முதல் மனிதன் வரை, விழித்திரை இப்படித்தான். ஏனென்றால் நம் விழித்திரை கருவில் மூளையிலிருந்து வெளியே பிதுங்கி உருவாகிறது. கணவாயின் கண் தோல் உள்ளே மடிந்து உருவாகிறது. ஒரே கடலில், ஒரே வெளிச்சத்தில், ஒரே இரையைத் துரத்தும் சூரைக்கு ஒரு கண்ணும் கணவாய்க்கு வேறு கண்ணும் இருப்பதற்குத் தேவை காரணமில்லை, பரம்பரைதான் காரணம். நல்ல வடிவத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் படைப்பாளி என்ற பதிலும் இங்கே உதவாது. அப்படியென்றால் குடும்ப எல்லையை ஒருமுறைகூடத் தாண்டாமல் பயன்படுத்தியது ஏன்?

கடைசியாக, எல்லோரும் கேட்கும் கேள்வி. இத்தனை கோடி ஆண்டில் பரிணாமம் இதையெல்லாம் சரிசெய்திருக்கக் கூடாதா? ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து ஒரு அங்குலம் நீளும்போது நரம்பும் இரண்டு அங்குலம் நீண்டால் போதும், மலிவான மாற்றம். நரம்பை நேர்வழியில் கொண்டுபோக வேண்டுமானால் கருவில் தலையும் இதயமும் உருவாகும் ஒழுங்கிலேயே கைவைக்க வேண்டும். அங்கே கைவைத்தால் பெரும்பாலும் குழந்தை பிழைப்பதே கஷ்டம்.

ஆனாலும் இயற்கை எப்போதாவது அதைச் செய்து காட்டுகிறது. நூற்றில் ஒருவருக்கும் குறைவாக, சிலருக்கு வலப்பக்கக் குரல்வளை நரம்பு மார்புப் பக்கம் போகாமல் நேராகக் குரல்வளைக்கே வருகிறது. அவர்கள் மற்றவர்களைப் போலத்தான் பேசுகிறார்கள், பாடுகிறார்கள். ஆக நேர்வழி சாத்தியமில்லாதது அல்ல. அவர்கள் கருவில் இருந்தபோது வலது கைத் தமனி உருவாகும் வளைவு மறைந்துபோயிருக்கும். நரம்பு மாட்டிக்கொள்ள கொக்கி இல்லாததால் இழுபடாமல் தப்பித்தது. ஆனால் கைக்கு ரத்தம் போயாக வேண்டுமே. தமனி பெருந்தமனியின் மறுகோடியிலிருந்து கிளம்பி, பெரும்பாலும் உணவுக்குழாய்க்குப் பின்னால் குறுக்கே வருகிறது. சிலருக்கு அது உணவுக்குழாயை அழுத்தி விழுங்கக் கஷ்டமாகிவிடும். ஒரு கோணல் நிமிர்ந்த இடத்தில் இன்னொன்று முளைத்திருக்கிறது. ஸ்கேனில் கைத் தமனி இப்படிக் குறுக்கே ஓடுவதைப் பார்த்துவிட்டால், தைராய்டு அறுவை மருத்துவர் வலது நரம்பை வழக்கமான இடத்தில் தேடமாட்டார். அது பக்கவாட்டிலிருந்து நேராக வரும் என்று எதிர்பார்த்துத்தான் கத்தி வைப்பார்.